கார்பனில் மெமரி செய்யக் கிளம்பிய அணி: நான்டெரோவுக்குள் யார் யார், எதற்காக வந்தார்கள்?

கார்பன் நானோ குழாய்களை வைத்து கம்ப்யூட்டர் மெமரி செய்யப்போகிறோம் என்று 2001-ல் மூன்று பேர் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பெயர் நான்டெரோ. இடம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் வூபர்ன். அடுத்த பதினேழு வருடத்தில் அது பத்துக் கோடி டாலருக்கு மேல் முதலீடு வாங்கியது, அதன் சிப் விண்வெளி வரைக்கும் போய்வந்தது, ஜப்பானின் ஃபுஜிட்சுவோடு உரிம ஒப்பந்தமும் ஆனது. ஆனால் நீங்களோ நானோ கடைக்குப் போய் வாங்கக்கூடிய பொருளாக அந்த மெமரி வரவில்லை. இதைச் சொன்னதும் "அப்போ தொழில்நுட்பம் வேலை செய்யலைன்னு அர்த்தம்" என்று பலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த அணிக்குள் யார் எந்த வருடத்தில் வந்தார்கள், ஒவ்வொருவரும் எந்தச் சிக்கலைத் தீர்க்க அழைக்கப்பட்டார்கள் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால், கதை எங்கே நின்றது என்பது தெளிவாகவே தெரியும்.

முதலில் 2000-க்குப் போவோம். அந்த வருடம் ஜூலையில் 'சயின்ஸ்' ஆய்விதழில் ஹார்வர்டிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. முதல் பெயர் தாமஸ் ருக்கஸ், சார்ல்ஸ் லீபர் என்கிற பெயர்பெற்ற வேதியியல் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தவர். கட்டுரை சொன்ன யோசனை ரொம்ப எளிமையானது. கீழே ஒரு நானோ குழாய், அதற்குக் குறுக்கே மேலே இன்னொரு நானோ குழாய், இரண்டுக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளி. எதிரெதிர் மின்னேற்றம் கொடுத்தால் மேலே இருப்பது வளைந்து வந்து கீழே இருப்பதைத் தொடும். தொட்டதும் அணுக்களுக்கிடையே இருக்கும் வான் டெர் வால்ஸ் விசை அதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும், கரண்ட் போனாலும் விடாது. ஒரே வகை மின்னேற்றம் கொடுத்தால் இரண்டும் விலகிப் பழைய நிலைக்குப் போகும். தொட்டிருந்தால் மின்தடை குறைவு, அது 1. விலகியிருந்தால் தடை அதிகம், அது 0. அவ்வளவுதான் மெமரி.

இந்த மாதிரி ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு லட்சம் கோடி செல்களை, அதாவது ஒரு 1 அல்லது 0-வைப் பிடித்துவைக்கும் இடங்களை, வைக்க முடியும், நூறு கிகாஹெர்ட்ஸுக்கு மேல் இயங்கும் என்று கட்டுரை கணக்குப் போட்டது. அதைப் படித்த யாருக்கும் ஆசை வரும். கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது பயன்படுத்தும் டி-ரேம் மெமரி வேகமானது, ஆனால் கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடும். பென் டிரைவில் இருக்கும் ஃபிளாஷ் மெமரி மறக்காது, ஆனால் எழுதுவதில் மெதுவு, திரும்பத் திரும்ப எழுதினால் தேய்ந்தும் போகும். இரண்டின் நல்ல குணமும் ஒரே சிப்பில் வந்தால் கம்ப்யூட்டரை ஆன் செய்து காத்திருக்கும் வேலையே இருக்காது. 'யூனிவர்சல் மெமரி' என்று அன்றைக்கு எல்லோரும் பேசிக்கொண்டிருந்தது இதைத்தான்.

ஆய்வுக்கூடத்தில் இருந்த இந்த யோசனையைக் கம்பெனியாக்கியவர் கிரெக் ஷ்மெர்கல். இவர் சிப் உலகத்திலிருந்து வந்தவர் இல்லை. ஹார்வர்டில் எம்.பி.ஏ. படித்தவர், எக்ஸ்பர்ட்சென்ட்ரல் என்று ஒரு இணையக் கம்பெனியைத் தொடங்கி அபவுட்.காமுக்கு விற்றவர். அவர்தான் தலைமைச் செயல் அதிகாரி. ருக்கஸ் தொழில்நுட்பத் தலைவர். மூன்றாவது ஆள் பிரென்ட் சீகல், அவரும் ஹார்வர்டில் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஆக, தொடக்க அணி என்பது இரண்டு வேதியியலாளர்கள், ஒரு தொழில்முனைவர். சிப் தொழிற்சாலையில் வருடக்கணக்கில் வேலை பார்த்த ஒருவர்கூட நிறுவனர்களில் இல்லை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, அந்த நேரத்தில் தேவைப்பட்டவர்கள் இவர்கள்தான். ஆனால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

காலமும் கைகொடுத்தது. டாட்காம் குமிழி 2000-ல் உடைந்து, முதலீட்டாளர்கள் அடுத்தது எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அதே வருடம் ஜனவரியில் அதிபர் கிளின்டன் தேசிய நானோ தொழில்நுட்பத் திட்டத்தை அறிவித்திருந்தார். 2001 அக்டோபரில் நான்டெரோவுக்கு முதல் சுற்றில் 60 லட்சம் டாலர் கிடைத்தது. கொடுத்தவர்களில் டிரேப்பர் ஃபிஷர் ஜர்வெட்சன் இருந்தது, ஹாரிஸ் அண்ட் ஹாரிஸ் இருந்தது, அனலாக் டிவைசஸ் கம்பெனியை உருவாக்கிய ரே ஸ்டாட்டாவின் முதலீட்டு நிறுவனமும் இருந்தது. கடைசிப் பெயரைக் கவனியுங்கள். செமிகண்டக்டர் தொழிலை உள்ளே இருந்து பார்த்த ஒருவரின் பணம் முதல் சுற்றிலேயே வந்திருக்கிறது.

இந்த அணியின் உண்மையான புத்திசாலித்தனம் எங்கே என்று கேட்டால், சிப்பில் மின்சாரத்தை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்சான டிரான்சிஸ்டரை விட்டுவிட்டு மெமரியை எடுத்ததுதான் என்று சொல்வேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் கார்பன் மின்னணுவியலின் மொத்தத் தலைவலியும் இதற்குள் அடங்கிவிடும்.

நானோ குழாய் என்பது ஒரே அணு தடிமனுள்ள கார்பன் தாளைச் சுருட்டியது போன்ற அமைப்பு. விட்டம் ஒன்றிரண்டு நானோமீட்டர். ஜப்பானில் என்.இ.சி. ஆய்வுக்கூடத்தில் இருந்த சுமியோ இஜிமா 1991-ல் இதைப் பற்றி எழுதியபின் உலகம் முழுக்க ஆராய்ச்சி பற்றிக்கொண்டது. 1998-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்டிலும் ஐ.பி.எம்.மிலும் தனித்தனியாக ஒற்றை நானோ குழாயில் டிரான்சிஸ்டர் செய்து காட்டினார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். தாள் எந்தக் கோணத்தில் சுருண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு குழாய் உலோகம் மாதிரி நடந்துகொள்ளும், இன்னொன்று குறைகடத்தி (செமிகண்டக்டர்) மாதிரி நடந்துகொள்ளும். சாதாரணமாக வளர்த்தால் மூன்றில் ஒன்று உலோக வகை. டிரான்சிஸ்டரில் ஒரே ஒரு உலோகக் குழாய் புகுந்துவிட்டால் போதும், அதை அணைக்கவே முடியாது. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர் இருக்கும் சிப்பில் இப்படி எத்தனை சிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த சிக்கல் இடம். ஒவ்வொரு குழாயையும் வேண்டிய இடத்தில், வேண்டிய திசையில் படுக்க வைக்க வேண்டும்.

மெமரிக்கு இந்த இரண்டு நிபந்தனையும் இல்லாமல் பண்ணிவிடலாம் என்று நான்டெரோ அணி கண்டுகொண்டது. ஒற்றைக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கும் ஹார்வர்டு வடிவத்தைக் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஆயிரக்கணக்கான குழாய்களை எந்த ஒழுங்கும் இல்லாமல் கொட்டி ஒரு துணி மாதிரி பரப்பினார்கள். தென்னை நார் மிதியடியைக் கிட்டத்தில் பார்த்தால் நார்கள் எப்படிக் கன்னாபின்னாவென்று ஒன்றன்மேல் ஒன்று கிடக்குமோ அப்படி. தனி ஒரு குழாய் உலோகமா குறைகடத்தியா என்பது இங்கே முக்கியமே இல்லை, குழாய்கள் ஒன்றையொன்று தொடும் இடங்கள் எத்தனை சேர்ந்திருக்கின்றன, எத்தனை பிரிந்திருக்கின்றன என்பதுதான் கணக்கு. ஒரு குழாயை ஓர் இடத்தில் வைக்கும் வேலையும் மிச்சம். உலகத்தின் சிறந்த ஆய்வுக்கூடங்கள் வருடக்கணக்கில் முட்டிக்கொண்டிருந்த இரண்டு சுவர்களையும் இவர்கள் ஏறிக் குதிக்காமல் பக்கவாட்டில் நடந்துபோய்க் கடந்தார்கள். வேதியியல் படித்தவர்களுக்கு இந்த எண்ணம் இயல்பாக வரும் என்று எனக்குத் தோன்றுகிறது, மொத்தக் கூட்டத்தின் சராசரி நடத்தையை நம்புவது அவர்களுக்குப் பழகிய விஷயம்.

இங்கே நம்ம ஊர் விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளின் உட்புறக் கருப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் எழுதினார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய பானை. தாவரப் பொருளோ வேறு ஏதோ கரிமப் பொருளோ அதிக வெப்பத்தில் சுடும்போது அது உருவாகியிருக்கலாம். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் எனக்கு அது வேறு ஒன்றையும் சொல்கிறது. கார்பன், நல்ல சூடு, சரியான சூழல் இருந்தால் நானோ குழாய் தானாக வந்துவிடும். அதை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, வேறு எதுவும் ஒட்டாமல், டன் கணக்கில் செய்வதுதான் கஷ்டம்.

நான்டெரோவின் மூன்றாவது சுவர் சரியாக அதுதான். இதைப் பக்கவாட்டில் சுற்றிப்போக வழியில்லை.

நானோ குழாய் வளர்க்க இரும்பு மாதிரியான உலோகத் துகள்கள் வினையூக்கியாக வேண்டும். வளர்ந்து முடிந்தபின் அந்த இரும்பு குழாயோடு ஒட்டிக்கொண்டே வரும். சிப் தொழிற்சாலைக்காரர்களிடம், அதாவது ஃபேப் என்று அவர்கள் சொல்லும் இடத்தில் வேலை செய்பவர்களிடம், இரும்பு என்று சொன்னாலே கதவைச் சாத்திவிடுவார்கள். சிலிக்கானுக்குள் இரும்பு அணு வேகமாகப் பரவும், போன இடத்திலெல்லாம் மின் ஓட்டத்தைக் கெடுக்கும். ஒரு வேஃபரில், அதாவது சிப்களைச் செய்யும் வட்டமான சிலிக்கான் தகட்டில், வந்த அழுக்கு எந்திரத்தில் ஒட்டி, அடுத்து வரும் வேறு வாடிக்கையாளரின் வேஃபருக்கும் போகும். நூறு கோடிக்கணக்கில் டாலர் கொட்டிக் கட்டிய இடத்தில் "எங்க கார்பன் கரைசலைக் கொஞ்சம் ஊற்றிப் பார்க்கலாமா" என்று ஒரு சின்னக் கம்பெனி போய்க் கேட்டால் என்ன பதில் வரும்?

எனவே அணியின் பெரும்பகுதி உழைப்பு மெமரியில் போகவில்லை, சுத்தம் செய்வதில் போனது. நானோ குழாய்ப் பொடியை அமிலத்தில் கழுவி, வடிகட்டி, மையவிலக்கில் சுற்றி, கட்டிகளைப் பிரித்தெடுத்து, உலோக அழுக்கு நூறு கோடியில் சில பங்கு என்கிற அளவுக்கு இறக்கினார்கள். மிசௌரி மாநிலத்தில் ரோலாவில் இருக்கும் புரூவர் சயின்ஸ் என்கிற சிப் வேதிப்பொருள் கம்பெனி இதில் கூட்டாளியாகச் சேர்ந்தது. ஃபேப்புக்கு ஏற்கெனவே பழக்கமான ஒரு சப்ளையர் பாட்டிலில் அடைத்துக் கொடுத்தால் ஃபேப் நம்பும் என்பது இதன் பின்னால் இருந்த கணக்கு, நல்ல கணக்கு.

அந்தப் பாட்டில் ஃபேப்புக்குள் போனால் என்ன நடக்கும் என்று பார்த்தால்தான் அணி எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறது என்று புரியும். சிப்பில் வடிவம் அச்சிடுவதற்கான ஃபோட்டோ ரெசிஸ்ட் என்ற பூச்சைப் பூசும் அதே எந்திரத்தில் வேஃபரை வைத்து நடுவில் கரைசலை ஊற்றிச் சுழற்றுவார்கள். கரைசல் விளிம்பு வரை ஓடிப் பரவும், பிறகு சூடாக்கினால் திரவம் ஆவியாகிக் குழாய்கள் மட்டும் படிந்து நிற்கும். இப்படிப் பல பூச்சு. வேண்டிய தடிமன் வந்ததா என்று படலத்தின் மின்தடையை அளந்தே தெரிந்துகொள்ளலாம். பிறகு வழக்கமான முறையில் மேலே வடிவம் அச்சிட்டு, தேவையில்லாத இடத்தில் ஆக்சிஜன் பிளாஸ்மாவைக் காட்டினால் கார்பன் எரிந்து வாயுவாகப் போய்விடும், மிச்சம் எதுவும் இருக்காது. புது எந்திரம் ஒன்றுகூட வாங்க வேண்டாம். ஆனால் மேலே உலோக மின்முனை படியவைக்கும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. துணி முழுக்க ஓட்டை, அந்த ஓட்டை வழியாக உலோகம் கீழே இறங்கி இரண்டு முனையையும் சேர்த்துவிட்டால் செல் செத்தது. அதைத் தடுக்க மேல் அடுக்கில் குழாய்களை நெருக்கமாகப் படுக்கவைக்கும் வழிகளையும் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார்கள்.

2003-ல் ஒரு சாதாரண சிலிக்கான் வேஃபரில் ஆயிரம் கோடி நானோ குழாய்ச் சந்திப்புகளை உருவாக்கியதாக அறிவித்தார்கள். அப்புறம் எல்.எஸ்.ஐ. லாஜிக் கம்பெனியோடு சேர்ந்து, ஒரிகன் மாநிலத்தின் கிரெஷாமில் இருந்த அதன் ஃபேப்பில் இந்தப் பொருளைக் கொண்டுபோய்ச் சோதிக்கத் தொடங்கினார்கள். இரும்பு பயத்தைத் தாண்டி ஒரு நிஜ உற்பத்தி ஃபேப்புக்குள் கார்பன் நானோ குழாய் நுழைந்தது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் 2006-ல் எல்.எஸ்.ஐ. அந்த ஃபேப்பையே ஆன் செமிகண்டக்டருக்கு விற்றுவிட்டது. நான்டெரோ புது உரிமையாளரோடு புதிதாக ஒப்பந்தம் போட்டு வேலையைத் தொடர்ந்தது. தொடர்ந்தது என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன், ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அலைச்சலாக இருந்திருக்கும் என்று ஃபேப்பில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். உறவுகளை மறுபடி கட்ட வேண்டும், முன்னுரிமைப் பட்டியலில் மறுபடி மேலே வர வேண்டும்.

2008-ல் அணி இரண்டாகப் பிரிந்தது. அரசு, ராணுவம் சார்ந்த வேலைகளைப் பார்த்த பிரிவை லாக்ஹீட் மார்ட்டின் வாங்கியது, பிரென்ட் சீகலும் அங்கே போய்விட்டார். அடுத்த வருடம் மே மாதம் ஹப்பிள் தொலைநோக்கியைச் சரிசெய்யப் போன அட்லாண்டிஸ் விண்கலத்தில் நானோ குழாய் மெமரிச் சிப் பயணம் செய்து சோதிக்கப்பட்டது. ஃபிளாஷ் செல்லில் தகவல் என்பது அடைத்துவைத்த மின்னேற்றம், விண்வெளிக் கதிர் அதைத் தட்டிவிடலாம். நானோ குழாய் மெமரியில் தகவல் என்பது குழாய்கள் இருக்கும் நிலை, கதிர் வந்தாலும் அசையாது, சூட்டுக்கும் அசையாது. ராணுவத்துக்கும் விண்வெளிக்கும் இது தங்கம். ஆனால் அந்தச் சந்தை சின்னது. மூன்று நிறுவனர்களில் ஒருவரும், உடனடியாகக் காசு கொடுக்கக்கூடிய வாடிக்கையாளர்களும் ஒரே நாளில் வெளியே போனார்கள் என்றுதான் இதைப் படிக்கிறேன். மிச்சம் இருந்த நான்டெரோ பெரிய சந்தையை மட்டுமே நம்பியாக வேண்டிய நிலை.

அதற்குப் பிறகு பல வருடம் அதிகம் சத்தம் இல்லை. ஆனால் சோதனை முடிவுகள் நன்றாகவே வந்தன. டோக்கியோவின் சூவோ பல்கலைக்கழகத்தில் கென் டகேயுச்சியின் குழு சோதித்து, செல்கள் பத்தாயிரம் கோடி முறை எழுதியும் தாங்குகின்றன என்று காட்டியது. ஃபிளாஷ் செல் வகையைப் பொறுத்துச் சில ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் முறை வரைதான் தாங்கும் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

2015-ல் 3 கோடியே 15 லட்சம் டாலர் புது முதலீட்டோடு கம்பெனி மறுபடி வெளியே வந்தபோது அணியின் முகமே மாறியிருந்தது. ஆலோசனைக் குழுவில் ஸ்டெஃபான் லாய். இன்டெலில் ஃபிளாஷ் மெமரியை வளர்த்தவர்களில் ஒருவர், அங்கே பேஸ் சேஞ்ச் மெமரி என்கிற இன்னொரு புது வகை மெமரி வேலையையும் நடத்தியவர். கூடவே சுகியோ மகிமோட்டோ, ஹிட்டாச்சியிலும் சோனியிலும் செமிகண்டக்டர் தலைமையில் இருந்தவர், தொழில் பத்து வருடத்துக்கு ஒருமுறை பொதுச் சிப்புக்கும் தனிச் சிப்புக்கும் இடையே ஊசலாடும் என்று சொன்ன 'மகிமோட்டோ அலை' அவர் பெயரில்தான் இருக்கிறது. ஸ்பான்ஷனில் ஃபிளாஷ் வடிவமைத்த லீ கிளீவ்லாண்ட் வந்தார், மைக்ரானில் மெமரி உத்தியைப் பார்த்துக்கொண்ட எட் டாலர் வந்தார், மெமரித் தர நிர்ணயக் குழுக்களில் ஊறிய பில் ஜெர்வாசி அமைப்பு வடிவமைப்பைக் கவனித்தார்.

இந்தப் பெயர்களைப் பார்த்து "அடேயப்பா" என்று முதலீட்டாளர்கள் சொல்வார்கள், சொன்னார்கள். 2018-ல் வந்த அடுத்த சுற்றில் டெல், சிஸ்கோ, கிங்ஸ்டன் என்று மெமரியை வாங்கி உபயோகிக்கும் கம்பெனிகளின் பணமே உள்ளே வந்தது. எனக்குத் தோன்றுவது வேறு. இந்த மனிதர்கள் பத்து வருடம் முன்னாடி வந்திருக்க வேண்டும். செல் எப்படி வேலை செய்கிறது என்பதைவிட, அந்தச் செல்களைச் சுற்றி என்ன சர்க்யூட் வேண்டும், எந்த இணைப்பு முறைக்கு அது பொருந்த வேண்டும், ஒரு வாடிக்கையாளரின் பலகையில் இருக்கும் டி-ரேமை எடுத்துவிட்டு இதைச் சொருகினால் மென்பொருள் என்ன சொல்லும் என்பதெல்லாம் இவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வேதியியல் கண்டுபிடிப்பு மெமரிப் பொருளாக மாறுவது இந்த இடத்தில்தான். 2001 முதல் கிட்டத்தட்ட 2010 வரை பொருள் அறிவியலாகவே இருந்த கம்பெனி, மெமரிக் கம்பெனியாக மாறும்போது எதிரி ரொம்ப தூரம் ஓடிவிட்டது.

எதிரி என்றால் ஃபிளாஷும் டி-ரேமும்தான். 2001-ல் யோசித்தவர்கள் ஃபிளாஷ் இனி சுருங்க முடியாமல் சீக்கிரம் முட்டிக்கொண்டு நிற்கும் என்று நம்பினார்கள், அன்றைக்கு அது நியாயமான நம்பிக்கைதான். ஆனால் சாம்சங் 2013-ல் செல்களை மாடிமேல் மாடியாக அடுக்கத் தொடங்கியது, முதலில் 24 அடுக்கு, இப்போது 200-ஐத் தாண்டிவிட்டது. நிற்க வேண்டிய எதிரி நிற்கவில்லை. இதில் பெரியவர்களும் தப்பவில்லை. இன்டெலும் மைக்ரானும் சேர்ந்து 2015-ல் அறிவித்த 3டி கிராஸ்பாயிண்ட் மெமரியும் டி-ரேமுக்கும் ஃபிளாஷுக்கும் நடுவில் உட்காரப் பார்த்தது. சொந்த ஃபேப், சொந்த பிராசசர், எல்லாம் இருந்தும் 2021-ல் மைக்ரான் விலகியது, 2022-ல் இன்டெலும் அந்த மெமரியை ஆப்டேன் என்ற பெயரில் விற்றுவந்த தொழிலை மூடுவதாகச் சொன்னது. புது மெமரிக்கு ஆரம்பத்தில் விலை அதிகம், விலை குறைய நிறைய விற்க வேண்டும், நிறைய விற்க விலை குறைய வேண்டும். இந்த வட்டத்தை உடைக்க இன்டெல் மாதிரி ஒரு கம்பெனியாலேயே முடியாதபோது, நான்டெரோ தோற்றது என்று லேசாகப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஃபுஜிட்சு ஒப்பந்தம் 2016 ஆகஸ்டில் வந்தது. நல்ல ஜோடி. ஃபுஜிட்சு செமிகண்டக்டர் 1990-களின் கடைசியிலிருந்தே எஃப்-ரேம் என்கிற இன்னொரு அபூர்வ மெமரியைச் செய்து விற்றுவந்தது, சின்ன அளவில் புது வகை மெமரியை எப்படிச் சந்தைப்படுத்துவது என்று அதற்கு அனுபவம் உண்டு. 55 நானோமீட்டர் முறையில் என்-ரேமை, அதாவது நான்டெரோவின் நானோ குழாய் மெமரியை, சேர்த்து 2018 முடிவுக்குள் பொருளாகக் கொண்டுவருவது திட்டம். சொன்ன தேதியில் வரவில்லை. அதற்குள் இன்னொன்று நடந்தது: ஒப்பந்தத்தில் பங்காளியாக இருந்த மியே ஃபுஜிட்சு, ஜப்பானின் குவானாவில் இருந்த ஃபேப், 2019 அக்டோபரில் தைவானின் சிப் தயாரிப்புக் கம்பெனியான யு.எம்.சி. கைக்கு முழுதாகப் போனது. கிரெஷாம் கதை அப்படியே திரும்ப நடந்தது. இரண்டு முறையும் நான்டெரோ நம்பிப் போன ஃபேப்பை உரிமையாளர் நடுவில் விற்றுவிட்டார்.

இதை வெறும் கெட்ட நேரம் என்று விட்டுவிட முடியாது. ஃபேப் கட்டுவதில்லை, சிப் விற்பதில்லை, காப்புரிமையையும் செய்முறையையும் உரிமம் கொடுத்துச் சம்பாதிப்போம் என்று நான்டெரோ முதலிலிருந்தே முடிவெடுத்திருந்தது. அதனால்தான் பத்துக் கோடி டாலர் சொச்சத்தில் இத்தனை வருடம் தாக்குப்பிடித்தது, அதே நேரம் தன் பொருள் எப்போது வெளிவர வேண்டும் என்று தானே தீர்மானிக்கும் அதிகாரத்தையும் இழந்தது. தன்னுடைய முழு உயிரும் எதில் இருக்கிறதோ அது கூட்டாளியின் ஃபேப்பில் பத்தோடு பதினொன்றாக ஒரு திட்டம். கூட்டாளிக்கு வருமானம் குறைந்தால், தலைமை மாறினால், ஃபேப் கை மாறினால் முதலில் தள்ளிவைக்கப்படுவது அந்தத் திட்டம்தான்.

வேறு வழி இருந்ததா? லீபரின் பெயரோடு அதே 2001-ல் பிறந்த இன்னொரு கம்பெனி நானோசிஸ். நானோ கம்பிகளில் மின்னணுவியல் செய்யப்போகிறோம் என்று தொடங்கி, 2004-ல் பங்குச் சந்தைக்கு வரப்பார்த்து, கடைசி நேரத்தில் பின்வாங்கியது. பிறகு அந்த அணி டிவி, டேப்லெட் திரைகளுக்கு நிறம் கூட்டும் குவாண்டம் டாட்டுகளின் பக்கம் முழுதாகத் திரும்பியது. அது திரையில் ஒட்டும் ஒரு பொருள். ஃபேப்பின் இதயத்துக்குள் போக வேண்டியதில்லை, பழைய மெமரியை விரட்ட வேண்டியதில்லை, வாங்குபவருக்கு வித்தியாசம் கண்ணால் தெரியும். அது விற்றது. நான்டெரோ அப்படி வேறு பக்கம் திரும்பவில்லை, கடைசி வரை மெமரியையே பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன், ஆனால் கதிர்வீச்சும் சூடும் தாங்கும் சின்னச் சந்தையை 2008-ல் கைவிட்டிருக்க வேண்டாம் என்றும் நினைக்கிறேன். சின்ன வாடிக்கையாளரிடம் அதிக விலைக்கு விற்றுக்கொண்டே உற்பத்தியைக் கற்றிருக்கலாம்.

கார்பன் மின்னணுவியலின் அடுத்த அணிகள் இதைப் பார்த்துக் கற்றிருக்கிற மாதிரிதான் தெரிகிறது. எம்.ஐ.டி.யில் மேக்ஸ் ஷுலேக்கரின் குழு 2019-ல் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட நானோ குழாய் டிரான்சிஸ்டர்களில் ஒரு 16 பிட் பிராசசரைச் செய்து இயக்கிக் காட்டியது. நான்டெரோ சுற்றிப்போன அதே உலோகக் குழாய்ச் சிக்கலை இவர்கள் நேருக்கு நேராக எடுத்துக்கொண்டார்கள், குழாய்களை நூறு சதவீதம் சுத்தமாக்குவதற்குப் பதிலாக, சில உலோகக் குழாய்கள் இருந்தாலும் தாங்கும்படி சர்க்யூட்டை வடிவமைத்தார்கள். அடுத்த வருடமே அந்த முறையை அனலாக் டிவைசஸ் ஃபேப்பிலும் மின்னசோட்டாவின் ஸ்கைவாட்டர் ஃபேப்பிலும் 200 மில்லிமீட்டர் வேஃபர்களில் செய்தார்கள். நான்டெரோவின் முதல் சுற்றில் பணம் போட்ட ரே ஸ்டாட்டா உருவாக்கிய அதே அனலாக் டிவைசஸ்தான்.

அந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. ஆய்வுக்கூடத்தில் வேஃபரை நானோ குழாய்க் கரைசலில் 48 மணி நேரம் ஊறப்போடுவார்கள், அப்போதுதான் போதிய குழாய்கள் ஒட்டும். ஃபேப்பில் ஒரு வேஃபர் இரண்டு நாள் ஒரே தொட்டியில் கிடந்தால் தொழில் நடக்காது. கரைசல் எப்படி ஒட்டுகிறது, எப்படிக் காய்கிறது என்று நுணுக்கமாகப் பார்த்து அந்த நேரத்தை 150 வினாடிக்குக் கொண்டுவந்தார்கள். பணம் ஒரு பகுதி அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பாவிடமிருந்து வந்தது, கட்டுரையை எழுதியவர்களின் பட்டியலில் மாணவர்களோடும் பேராசிரியரோடும் அந்த ஃபேப்களில் சம்பளம் வாங்கும் பொறியாளர்களின் பெயர்களும் இருக்கின்றன.